கறி வந்த வழியில் வந்த சட்டம்

(மாணவர்களுக்கான ஒருநாள் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



அமெரிக்காவின் சிவில் உரிமைச் சட்டங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று தோழர்கள் சொன்னபோது தயங்கினேன். நான் வக்கீல் இல்லை. கவிதை எழுதுகிறவன், வயிற்றுப்பாட்டுக்கு பாங்கில் கிளார்க். அமெரிக்காவைப் பார்த்ததும் இல்லை. ஆனால் பன்னிரண்டு வருஷமாகப் பேரேடு பார்க்கிறவன் என்கிற ஒரு தகுதி எனக்கு உண்டு. இன்றைக்கு நான் சொல்லப்போவதும் ஒரு பேரேட்டுக் கதைதான்.

முதலில் இந்த 'சிவில் உரிமை' என்கிற சொல். நம்ம ஊர்களில் இது எல்லாருக்கும் தெரிந்த சொல், மூன்று இங்கிலீஷ் எழுத்தாக. பி.சி.ஆர். "என்னப்பா, பி.சி.ஆர்.ல போட்டுருவீங்களா" என்று டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு நக்கல் பண்ணுகிறானே, அந்த பி.சி.ஆர். 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் என்று வந்தது. 1976இல் அதைத் திருத்தி சிவில் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் வைத்தார்கள். 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்த பிறகும் ஊர்க்காரன் வாயில் எல்லாமே பி.சி.ஆர்.தான். சிவில் உரிமை என்ற சொல்லையே வசவாக ஆக்கிவிட்டார்கள். கெட்டிக்காரர்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் சித்தப்பா ஒரு புகார் கொடுத்தார். எங்கள் ஊர் டீக்கடையில் காலனிக்காரர்களுக்குக் காகித கப், மற்றவர்களுக்குக் கண்ணாடி டம்ளர். இரட்டை டம்ளர் ஒழிந்து ரொம்ப நாளாச்சு என்று எழுதுகிற அறிவாளிகள் இந்தக் காகித கப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. ஸ்டேஷனில் என்ன கேட்டார்கள் தெரியுமா? "காகித கப்புதானே குடுத்தான், அது சுத்தம்தானே? சாதிய மனசுல வச்சுதான் குடுத்தான்னு உனக்கு எப்படித் தெரியும்? வாயால சொன்னானா?" சித்தப்பா சொன்னார், "சொல்லலீங்க. சொல்லாமத்தாங்க குடுப்பாங்க." ரெண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி, சமரசம் என்று எழுதி மனுவை முடித்துவிட்டார்கள்.

மனசுல வச்சுதான் குடுத்தான்னு உனக்கு எப்படித் தெரியும்? தோழர்களே, இந்தக் கேள்வி அந்த எஸ்.ஐ.யின் சொந்தக் கேள்வி இல்லை. நம்ம கோர்ட்டுகளில் காலங்காலமாகக் கேட்கப்படுகிற கேள்வி. 1968 டிசம்பர் 25 அன்று வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். மேல்முறையீட்டில் மிராசுதார்களை விடுவித்த உயர்நீதிமன்றம், இத்தனை வசதியானவர்கள் தாங்களே நேரில் போய்த் தீ வைத்திருப்பார்களா என்று ஆச்சரியப்பட்டது. நீதிபதி மிராசுதாரின் மனசுக்குள் எட்டிப் பார்த்தார், அங்கே ஒரு கனவான் தெரிந்தார். 2006 செப்டம்பரில் கயர்லாஞ்சியில் ஒரே குடும்பத்தில் நான்கு பேரைக் கொன்றார்கள். பண்டாரா கோர்ட்டும் சரி, 2010இல் நாக்பூர் உயர்நீதிமன்றக் கிளையும் சரி, கொலை கொலைதான், ஆனால் சாதிக்காக நடந்தது இல்லை, பழிவாங்கல் என்று சொல்லி வன்கொடுமைச் சட்டத்தை விலக்கிவைத்தன. மனசில் சாதி இருந்ததாக நிரூபணம் ஆகவில்லையாம்.

இந்த இடத்தில் நின்றுகொண்டு நான் அமெரிக்காவைப் பார்க்கிறேன். இப்படிப் பார்க்கிற பழக்கம் நமக்குப் புதிதில்லை. மகாத்மா புலே 1873இல் தன் 'குலாம்கிரி' நூலை அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கை ஆக்கினார். பாபாசாகேப் 1946இல் கறுப்பின அறிஞர் டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பர்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் நகலைக் கேட்டார். 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் பெயரையே அங்கிருந்து எடுத்தார்கள். அந்த வழியில் நானும் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

அலபாமா மாநிலத்தில் பர்மிங்ஹாம் என்று ஒரு நகரம். அங்கே ஒரு நகராட்சிச் சட்டம் இருந்தது. கவனியுங்கள், உள்ளூர்ச் சட்டம். ஓட்டலில் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே அறையில் சாப்பிடக் கூடாது. சாப்பிட வேண்டுமானால் நடுவில் தரையிலிருந்து ஏழு அடி உயரத்துக்கு கெட்டியான தடுப்பு இருக்க வேண்டும், தெருவிலிருந்து உள்ளே வர தனித்தனி வாசல் இருக்க வேண்டும். ரெண்டு பேரும் சேர்ந்து சீட்டு விளையாடக் கூடாது, தாயக்கட்டை உருட்டக் கூடாது என்று அதற்கும் தனியாக ஒரு விதி. உத்தபுரம் சுவரை நாம் பார்த்திருக்கிறோம், 2008 மே 6 அன்று அதில் ஒரு பகுதியை இடித்தார்கள். உத்தபுரத்தில் சுவரைக் கட்டினது ஊர். பர்மிங்ஹாமில் சுவர் கட்டச் சொன்னதே சட்டம்.

1963இல் அந்த நகரத்துத் தெருக்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இறங்கினார்கள். நாயையும் தீயணைப்புக் குழாயையும் அவர்கள்மேல் ஏவிய படங்களை உலகமே பார்த்தது. அந்த வருஷமே அந்த நகராட்சி விதிகள் நீக்கப்பட்டன. சரி, சுவர் போயிற்று. சோறு வந்ததா? இல்லை. அதே ஊரில் 'ஆலீஸ் பார்பிக்யூ' என்று ஒரு கடை, தீயில் வாட்டின கறிக்குப் பேர்போன கடை. 1927இல் ஆரம்பித்தது. 220 பேர் உட்காரலாம். கறுப்பர் உள்ளே உட்கார்ந்து சாப்பிட முடியாது, வேண்டுமானால் பொட்டலம் வாங்கிக்கொண்டு போகலாம். கடையில் வேலை செய்தவர்கள் 36 பேர், அதில் மூன்றில் இரண்டு பங்கு கறுப்பர்கள். அவன் ஆக்கின கறியை அவனே உள்ளே உட்கார்ந்து தின்ன முடியாது. இதை நான் உங்களுக்கு விளக்கிச் சொல்லவா வேண்டும்?

1964 ஜூலை 2 அன்று சிவில் உரிமைச் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்துப் போட்டார். இது ஃபெடரல் சட்டம், நம்ம கணக்கில் மத்திய சட்டம். ஓட்டல், விடுதி, சினிமா கொட்டகை எங்கேயும் இனம், நிறம், மதம், பிறந்த நாடு பார்த்து ஆளை ஒதுக்கக் கூடாது என்றது. ஆலீஸ் கடைக்காரர் கோர்ட்டுக்குப் போனார். என் கடை என் சொத்து, யாருக்குப் பரிமாறுவது என்பது என் இஷ்டம், டெல்லிக்கு, மன்னிக்கணும், வாஷிங்டனுக்கு இதில் என்ன வேலை? கீழ்க்கோர்ட்டு அவர் பக்கம் நின்றது.

இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது, என்னைக் கூசவைத்த பகுதியும் இதுதான்.

உள்நாட்டுப் போருக்குப் பிறகு கறுப்பருக்குச் சம பாதுகாப்பு தரும் 14ஆவது திருத்தம் 1868இலேயே அங்கே அரசியல் சட்டத்தில் ஏறிவிட்டது. 1875இல் ஓட்டல், வண்டி, நாடகக் கொட்டகை எல்லாவற்றிலும் சம இடம் என்று ஒரு சட்டமும் போட்டார்கள். 1883இல் உச்சநீதிமன்றம் அதை உடைத்தது. 14ஆவது திருத்தம் மாநில அரசுகளைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் கடைக்காரனைக் கட்டுப்படுத்தாது என்றது. அந்தத் தீர்ப்பு எண்பது வருஷம் வாசலில் நந்தி மாதிரி உட்கார்ந்திருந்தது. நேர்வழி அடைபட்டதால் 1964இல் சட்டம் எழுதினவர்கள் வேறு வழியும் தேடினார்கள். மாநிலங்களுக்கு இடையே நடக்கிற வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மத்திய அரசுக்கு உண்டு. கடை அந்த வணிகத்தைத் தொட்டால், மத்திய சட்டம் கடையைத் தொடும்.

ஆகவே கோர்ட்டில் என்ன ஆராய்ந்தார்கள்? கடைக்காரரின் மனசை ஆராயவில்லை. அவர் நல்லவரா, கறுப்பரை வெறுக்கிறவரா, வாயால் ஏதாவது சொன்னாரா, ஒன்றும் கேட்கவில்லை. பேரேட்டைப் பிரித்தார்கள். முந்தின பன்னிரண்டு மாதத்தில் கடை வாங்கின சாப்பாட்டுச் சாமான் சுமார் 1,50,000 டாலர். அதில் 69,683 டாலர், அதாவது 46 சதவீதம், கறி. கறியை விற்றவர் உள்ளூர் வியாபாரி. அவர் வாங்கினது வேறு மாநிலத்திலிருந்து. முடிந்தது. கறி மாநில எல்லையைத் தாண்டி வந்திருக்கிறது, ஆகவே மத்திய சட்டம் இந்தக் கடைக்குள் வரும். 1964 டிசம்பர் 14 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்.

இதை முதல்முறை படித்தபோது இரவு தூக்கம் வரவில்லை. இதென்னய்யா அவமானம்? மனுஷன் மனுஷன் என்பதால் உள்ளே வர முடியவில்லை, பன்றியும் மாடும் எல்லை தாண்டி வந்ததால், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருகிறான். கவிதை எழுதுகிறவனுக்கு இது ஜீரணம் ஆகாது. பாபாசாகேப் தலைமையில் எழுதின நம்ம அரசியல் சட்டத்தைப் பாருங்கள். 17ஆவது பிரிவு, தீண்டாமை ஒழிக்கப்படுகிறது, நேராக, சுற்றி வளைக்காமல். 15ஆவது பிரிவு கடை, ஓட்டல், கிணறு, குளம், சாலை என்று பெயர் சொல்லியே எழுதுகிறது. அமெரிக்காவின் அரசியல் சட்டத்தில் ஓட்டலுக்கு என்று இப்படி ஒரு வரி இன்றைக்கும் கிடையாது. சொல் என்று பார்த்தால் நம்முடையதுதான் உயர்ந்தது. அதில் எனக்கு சந்தேகமே இல்லை.

ஆனால் காலையில் பாங்குக்குப் போய்ப் பேரேட்டைப் பிரித்தபோது வேறு மாதிரி தோன்றியது. மனசைத் தேடிப் போகிற சட்டம் மனசுக்குள்ளேயே தொலைந்துபோகும். ஏனென்றால் அங்கே சாவி எதிரியிடம் இருக்கிறது. கணக்கு அப்படி இல்லை, அது வெளியே கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் கூட்டிப் பார்க்கலாம்.

ஓட்டலை விடுங்கள், வேலைக்கு வருவோம். இந்தப் பகுதியை மாணவர்கள் கவனமாகக் கேட்கணும், ஏன்னா 'தகுதி, திறமை'ங்கிற வார்த்தையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள் நீங்கள்.

வட கரோலினாவில் ட்யூக் பவர் என்ற மின்சாரக் கம்பெனியின் அனல்மின் நிலையம். 95 தொழிலாளர்கள், அதில் 14 பேர் கறுப்பர்கள். ஐந்து பிரிவுகள். கறுப்பர்களுக்கு ஒரே ஒரு பிரிவுதான், கூலிப் பிரிவு. அந்தப் பிரிவில் மிக அதிகமாகச் சம்பளம் வாங்கினவரும் மற்ற நான்கு பிரிவுகளில் மிகக் குறைவாக வாங்கினவரைவிடக் குறைவாகத்தான் வாங்கினார். இதற்குப் பெயர் வேலைப் பிரிவினை இல்லை, தொழிலாளிகளின் பிரிவினை என்று பாபாசாகேப் சொன்னதை ஒரு கம்பெனி சம்பளப் பட்டியலாகவே போட்டுக் காட்டிவிட்டது.

வேலையில் பாகுபாடு கூடாது என்ற 1964 சட்டத்தின் ஏழாம் பகுதி அமலுக்கு வந்த நாள் 1965 ஜூலை 2. கம்பெனி அதே நாளில் ஒரு புது விதி கொண்டுவந்தது. நல்ல பிரிவுகளில் புதிதாகச் சேர ஹைஸ்கூல் சான்றிதழோடு கூட ரெண்டு எழுத்துத் தேர்வில் தேறியிருக்கணும். கதவில் 'கறுப்பர்கள் வரக்கூடாது' என்று இருந்த போர்டை இறக்கிவிட்டு, 'தகுதி உள்ளவர்கள் வரலாம்' என்று மாட்டினார்கள். 1960 கணக்குப்படி அந்த மாநிலத்தில் ஹைஸ்கூல் முடித்த வெள்ளை ஆண்கள் 34 சதவீதம், கறுப்பு ஆண்கள் 12 சதவீதம். இதில் இன்னொரு வேடிக்கை, சான்றிதழ் இல்லாத பழைய வெள்ளைத் தொழிலாளர்கள் அதே பிரிவுகளில் ஒரு குறையும் இல்லாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிலக்கரியைத் தள்ளுவதற்கு எதற்கய்யா ஹைஸ்கூல்?

13 கறுப்பினத் தொழிலாளர்கள் வழக்குப் போட்டார்கள். முதல் மனுதாரர் பெயர் கிரிக்ஸ், வழக்குக்கும் அதுதான் பெயர். கீழ்க்கோர்ட்டுகள் பழைய பாட்டையே பாடின: கம்பெனிக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக நிரூபணம் இல்லை. 1971 மார்ச் 8 அன்று உச்சநீதிமன்றம் இதைத் தூக்கிப் போட்டது. எண்ணம் நல்லதாகவே இருக்கட்டும். விளைவு ஒரு இனத்தை வெளியே தள்ளுகிறதா, அந்த வேலைக்கும் அந்தத் தேர்வுக்கும் சம்பந்தம் உண்டா, இதைக் கம்பெனி நிரூபிக்கட்டும் என்றது. நிரூபிக்கிற சுமை தோள் மாறியது. என் சித்தப்பாவிடம் கேட்ட கேள்வியை அங்கே முதலாளியிடம் கேட்டார்கள்.

நம்ம நாட்டில் இந்த மாற்றம் ஒரு சின்ன அளவுக்கு வந்தது 2015 திருத்தத்தில்தான். கடுங்குற்றங்களுக்கான பிரிவில், பாதிக்கப்பட்டவர் தாழ்த்தப்பட்டவர் 'என்ற காரணத்துக்காக' என்று இருந்ததை, தாழ்த்தப்பட்டவர் 'என்று தெரிந்து' என்று மாற்றினார்கள். ரெண்டே சொல். கயர்லாஞ்சி மாதிரி வழக்குகளில் எத்தனை ரத்தம் சிந்தி வாங்கின ரெண்டு சொல் அது என்று நான் நினைத்துக்கொள்வேன். 2018 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அந்தச் சட்டத்தையே நீர்த்துப்போக வைத்தபோது ஏப்ரல் 2 பந்தில் நம் மக்கள் தெருவுக்கு வந்து சுடப்பட்டுச் செத்தார்கள். அந்த வருஷமே பாராளுமன்றம் சட்டத்தைத் திரும்ப நிமிர்த்தியது.

அமெரிக்காவைப் புகழ்ந்து பேச வரவில்லை. அங்கேயும் தின்றதைக் கக்க வைக்கிறார்கள். 1989இல் உச்சநீதிமன்றம் கிரிக்ஸ் தீர்ப்பின் பல்லைப் பிடுங்கியது, 1991இல் காங்கிரஸ் சட்டம் போட்டுப் பல்லைத் திரும்ப வைத்தது. 2025 ஏப்ரலில் ஜனாதிபதி ட்ரம்ப், விளைவைப் பார்த்துப் பாகுபாடு என்று சொல்கிற இந்த முறையை மத்திய அரசுத் துறைகள் கைவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார். அந்த உத்தரவின் தலைப்பில் என்ன சொல் இருக்கிறது தெரியுமா? தகுதி. ஆட்சி எந்த நாட்டில் நடந்தாலும் இந்த ஆட்களுக்கு ஒரே அகராதிதான். 1991 சட்டத்தை ஒரு உத்தரவால் அழிக்க முடியாது. ஆனால் அமல்படுத்துகிற அதிகாரி கையைக் கட்டிக்கொண்டு நின்றால் சட்டம் காகிதம்தான், அது நமக்குத் தெரிந்ததுதான்.

மத்தியில் கதவு சாத்தும்போது உள்ளூர்க் கதவு முக்கியமாகிறது. அங்கே வேலையில் பாகுபாட்டுக்கு எதிராக முதலில் சட்டம் போட்டது வாஷிங்டன் இல்லை, நியூயார்க் மாநிலம், 1945இல். மத்திய சட்டத்துக்கு 19 வருஷம் முந்தி. அதே வரிசையில்தான் 2023 பிப்ரவரி 21 வருகிறது. சியாட்டில் நகர மன்றம் தன் பாகுபாடு ஒழிப்புச் சட்டத்தில் 'சாதி' என்ற சொல்லைச் சேர்த்தது. 6 பேர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. கொண்டுவந்தவர் க்ஷமா சாவந்த், பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்தவர், அதை அவரே சொல்லிக்கொண்டுதான் கொண்டுவந்தார். செப்டம்பரில் ஃபிரெஸ்னோ நகரமும் செய்தது.

'சாதி'ங்கிற சொல்லைத் தனியா எதுக்குப் போடணும், ஏற்கெனவே 'வம்சாவளி'ன்னு சட்டத்துல இருக்கே என்று கேட்டார்கள். கலிபோர்னியா மாநில மன்றம் சாதிப் பாகுபாட்டுத் தடை மசோதாவை நிறைவேற்றியது. அங்கே ஆளுநர் மக்கள் ஓட்டுப் போட்டு வருகிறவர், டெல்லி அனுப்புகிற ஆள் இல்லை. அவர் கையெழுத்துக்காகத் தலித் தோழர்கள் தலைநகரில் பட்டினி கிடந்தார்கள். தமிழ்த் தலித் பெற்றோருக்கு அங்கே பிறந்த தேன்மொழி சௌந்தரராஜன் அந்தப் போராட்டத்தில் முன்நின்றவர்களில் ஒருவர். 2023 அக்டோபர் 7 அன்று ஆளுநர் நியூசம் மசோதாவைத் திருப்பி அனுப்பினார். காரணம்: இருக்கிற சட்டத்திலேயே இது அடங்கிவிட்டது, தேவையில்லை.

அடங்கிவிட்டதா? இதே கலிபோர்னியாவில் சிஸ்கோ கம்பெனிமேல் மாநில அரசுத் துறை 2020இல் வழக்குப் போட்டது. தலித் பொறியாளர் ஒருவர், கூட வேலை பார்த்த நம்ம நாட்டு மேல்சாதி அதிகாரிகள் தன்னை ஒதுக்கியதாகப் புகார் கொடுத்திருந்தார். சாதிப் பாகுபாடு சட்ட விரோதம் இல்லை என்கிற மாதிரி கம்பெனியின் ஊழியர் உறவு ஆட்கள் பதில் சொன்னதாக அரசின் மனுவில் இருக்கிறது. கம்பெனி எல்லாவற்றையும் மறுத்தது. 2023இல் அந்த ரெண்டு அதிகாரிகள் மேலிருந்த வழக்கை அரசே விலக்கிக்கொண்டது, கம்பெனிமேல் மட்டும் வைத்துக்கொண்டது. வழக்கின் நியாயம் எப்படியும் போகட்டும். எனக்கு வேண்டியது அந்தப் பதில்தான். நான் கவுண்டரில் உட்காருகிறவன். ஃபாரத்தில் கட்டம் இல்லாத விஷயத்தோடு ஒருத்தர் வந்து நின்றால், கிளார்க் என்ன சொல்வான்? "இதுக்கு இங்க இடமில்லைங்க." அவன் கெட்டவனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கட்டம் இல்லை, அவ்வளவுதான். சியாட்டிலில் அந்தக் கட்டத்தைப் போட்டார்கள்.

நமக்கோ கட்டம் 1950இலிருந்து இருக்கிறது, கவுண்டர்தான் மூடியிருக்கிறது. அங்கே பாகுபாடு என்றால் கமிஷனில் மனு, சிவில் வழக்கு, நஷ்டஈடு. அதிலும் நாள் கணக்கு உண்டு, மத்திய கமிஷனுக்கு 180 நாளுக்குள், மாநிலத்திலோ ஊரிலோ தனி அமைப்பு இருந்தால் 300 நாளுக்குள் போகணும். 15 பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கிற முதலாளியை மத்தியச் சட்டம் தொடாது. ஓட்டை உள்ள சட்டம்தான். இருந்தாலும் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டியதில்லை. நமக்கு எல்லாமே கிரிமினல் கேஸ், எல்லாமே ஸ்டேஷன், எல்லாமே அந்த எஸ்.ஐ.யின் கேள்வி.

இதைப் படித்த பிறகுதான் நம்ம பி.சி.ஆர். சட்டத்தை நான் முழுசாக எடுத்துப் படித்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல. 12ஆவது பிரிவு என்ன சொல்கிறது? குற்றச் செயல் தாழ்த்தப்பட்டவருக்கு எதிராக நடந்திருந்தால், தீண்டாமையின் காரணமாகவே நடந்தது என்று கோர்ட்டு அனுமானிக்க வேண்டும், இல்லை என்று எதிரிதான் நிரூபிக்க வேண்டும். மனசுல என்ன வச்சிருந்தான்னு என் சித்தப்பா நிரூபிக்கத் தேவையே இல்லை! 1971இல் அமெரிக்கத் தொழிலாளிக்குக் கிடைத்ததைவிடப் பலமான ஆயுதம் நம்ம வீட்டுப் பரணில் கிடக்கிறது. 6ஆவது பிரிவு, மற்றவர்களுக்கு எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்த நிபந்தனையில் விற்கிறாயோ அதே மாதிரி விற்கணும் என்கிறது. காகித கப் இதில் மாட்டும். அந்தப் பிரிவில் தண்டனை வந்தால் கடையின் லைசென்சை ரத்து செய்யலாம் என்று 8ஆவது பிரிவு. இதுவும் பேரேட்டு வழிதான். அமெரிக்காவில் 1966இல் மெடிகேர் என்ற முதியோர் மருத்துவத் திட்டம் தொடங்கியபோது, வார்டைப் பிரித்துவைக்கிற ஆஸ்பத்திரிக்கு அரசுப் பணம் கிடையாது என்றார்கள். நூறு வருஷமாகப் பிரிந்து கிடந்த வார்டுகள் பெரும்பாலும் சில மாதத்தில் ஒன்றாயின. டாக்டர்களின் மனசு சில மாதத்தில் மாறியிருக்கும் என்று நான் நம்பவில்லை.

எங்கள் ஊர் டீக்கடைக்கு வருகிறேன். பால் கூட்டுறவு சங்கத்திலிருந்து வருகிறது, அந்தச் சங்கத்தில் பாதி மாடு காலனி மாடு. கடைக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். கடை விரிவாக்கத்துக்கு ஏதோ ஒரு பாங்கில் கடன் வாங்கியிருக்கிறார், சுவரில் பெருமையாக எழுதிவைத்திருக்கிறார். கடன் ஃபாரங்களை நான் தினம் நிரப்புகிறவன். வாங்குகிறவர் என்ன வகுப்பு என்று கேட்கிற கட்டம் அதில் உண்டு, வாங்கின காசில் எல்லாருக்கும் ஒரே டம்ளரில் டீ கொடுப்பாயா என்று கேட்கிற கட்டம் இல்லை. கடை இருக்கிற கட்டடம் ஊராட்சிக்குச் சொந்தம். அந்தக் கட்டடத்தின் ஏல நிபந்தனை, வாடகை ரசீது, பதிவுச் சான்று எல்லாவற்றின் நகலையும் கேட்டு சித்தப்பாவின் பெயரில் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டிருக்கிறோம். கூடவே, ஒரு மாதம் தினம் காலையில் யாருக்கு எதில் டீ கொடுத்தார்கள் என்று நம்ம பசங்க நாலு பேர் நோட்டில் தேதி போட்டு எழுதிவருகிறார்கள். காகித கப்புக்கு ஒரு பத்தி, கண்ணாடி டம்ளருக்கு ஒரு பத்தி. கோடு போட்டுக் கொடுத்தது நான்.

மனுவுக்கு முப்பது நாளில் பதில் வரணும். இன்றைக்குப் பதினெட்டாம் நாள்.